துறைக்குத் துறை சந்தை வேறு: போஸ்ட்டாக் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிஎச்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் வருடம் முழுக்க என்னிடம் கேட்கும் கேள்விகளைத் திரட்டி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வேதியியல்காரன். தமிழ்நாட்டில் பிஎச்டி முடித்து, இரண்டு நாடுகளில் ஐந்தரை வருடம் போஸ்ட்டாக் இருந்தேன். இப்போது என் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களை நானே படிக்கிறேன். கேட்டு நின்ற அனுபவமும் உண்டு, கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. தொகை, வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்டாக் என்பது படிப்பா, வேலையா?

வேலை. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. பிஎச்டி முடித்தவர் ஒரு பேராசிரியரின் குழுவில் ஒன்று முதல் மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆய்வு செய்கிறார், அவ்வளவுதான். வீட்டில் "பையன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போறான்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் முதலிலேயே பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு வகை, பேராசிரியர் வாங்கி வைத்திருக்கும் புராஜெக்ட் பணம். அவர் சரி என்றால் இரண்டு மாதத்தில் ஆர்டர் வந்துவிடும். ஆனால் ஆய்வுத் தலைப்பு அவருடையது. இன்னொரு வகை, உங்கள் பெயரிலேயே வரும் ஃபெல்லோஷிப். தலைப்பு உங்களுடையது, முடிவு செய்வது ஒரு குழு, பதில் வர ஆறு மாதம் பத்து மாதம்கூட ஆகும். இரண்டையும் தேடுகிற வழி வேறு வேறு. முதல் வகைக்கு எழுதும் கடிதத்தையே இரண்டாவது வகைக்கும் அனுப்பி ஏமாந்தவர்கள் நிறைய.

எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்? வைவா இன்னும் முடியவில்லையே?

தீசிஸ் சமர்ப்பிப்பதற்கு ஒரு வருடம் முன்பே. நம் ஊரில் தீசிஸ் கொடுத்த பிறகு வெளித் தேர்வாளர்களின் அறிக்கை வந்து, வைவா தேதி குறித்து, சான்றிதழ் கைக்கு வர ஆகும் காலம் உங்களுக்கே தெரியும். அந்த இடைவெளியைச் சும்மா கழிக்காமல் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள்.

புராஜெக்ட் பணத்தில் எடுப்பவர்கள் பெரும்பாலும் "சேரும் நாளுக்குள் பட்டம் முடிந்ததற்கான சான்று வேண்டும்" என்ற நிபந்தனையோடு ஆஃபர் கொடுப்பார்கள். புரொவிஷனல் சான்றிதழ் போதும். சில ஃபெல்லோஷிப்புகளில் அப்படிக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் வைவாவாவது வெற்றிகரமாக முடிந்திருக்க வேண்டும். வைவா பத்து நாள் தள்ளிப்போனதால் ஒரு வருடம் காத்திருந்த தோழி எனக்கு உண்டு.

எந்த வெப்சைட்டில் பார்ப்பது? ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்குமா?

கிடைக்காது. பலர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ஊருக்கு ஊர் சந்தை கூடும் நாள் வேறு என்பது போல, போஸ்ட்டாக்கிலும் ஒவ்வொரு துறைக்கும் தனிச் சந்தை, தனிச் சந்தை நாள். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வெள்ளிக்கிழமை மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் காலி மைதானம்தான் இருக்கும்.

கணிதத்தில் சந்தை மிக ஒழுங்கு. அமெரிக்கக் கணிதக் கழகம் நடத்தும் மேத்ஜாப்ஸ் என்ற தளத்தில் பெரும்பாலான இடங்கள் வந்துவிடும். செப்டம்பர் அக்டோபரில் அறிவிப்பு, நவம்பர் டிசம்பரில் கடைசித் தேதி, அடுத்த வருடம் ஆகஸ்ட் செப்டம்பரில் சேர வேண்டும். பிப்ரவரியில் விழித்துக்கொண்டால் அந்த வருடம் போயிற்று. இன்னொரு சிக்கல், அங்கே பல இடங்களுக்கு போஸ்ட்டாக் என்ற பெயரே இருக்காது. எம்.ஐ.டி.யில் மூர் இன்ஸ்ட்ரக்டர், சிகாகோவில் டிக்சன் இன்ஸ்ட்ரக்டர், ஹார்வர்டில் பெஞ்சமின் பியர்ஸ் ஃபெல்லோ என்று பழைய கணித மேதைகளின் பெயரில் இருக்கும். 'போஸ்ட்டாக்' என்று மட்டும் தேடினால் இவை கண்ணில் படாது. இவற்றில் வகுப்பும் எடுக்க வேண்டும் என்பதால், உங்கள் பாடம் நடத்தும் திறமை பற்றியே தனியாக ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். பிஎச்டி காலத்தில் எம்எஸ்சி பிள்ளைகளுக்கு டியூட்டோரியல் எடுத்திருந்தால், அதை நேரில் பார்த்த ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

துகள் இயற்பியல் கோட்பாட்டுக்காரர்களுக்கு இன்ஸ்பயர்-ஹெப் என்ற கட்டுரைத் தளத்தின் வேலைப் பகுதியும், அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைனும். அங்கேயும் இலையுதிர் காலச் சந்தைதான். இந்தத் துறையில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. பொதுவாக ஒத்துக்கொண்ட ஒரு நாளுக்கு முன்னால் பதில் சொல்லியாக வேண்டும் என்று யாரையும் நெருக்கக் கூடாது எனப் பல நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. வானியலில் அதே போன்ற நாள் பிப்ரவரி 15, அமெரிக்க வானியல் கழகத்தின் தீர்மானம். அந்தக் கழகத்தின் ஜாப் ரிஜிஸ்டர்தான் உலக வானியலாளர்களின் வேலைப் பலகை. நாசாவின் ஹப்பிள் ஃபெல்லோஷிப்பும் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஐன்ஸ்டைன், ஹப்பிள், சேகன் என்று ஆய்வுப் பொருளைப் பொறுத்து மூன்று பெயரில் கொடுக்கிறார்கள். மூன்று வருடம்.

உயிரியலுக்குப் பருவமே கிடையாது. ஆடியிலும் விதைப்பார்கள், தையிலும் விதைப்பார்கள். நேச்சர் கேரியர்ஸ் தளத்தில் விளம்பரம் வரும், லேபின் சொந்தப் பக்கத்தில் வரும், பேராசிரியர் சமூக வலைத்தளத்தில் இரண்டு வரி எழுதுவார். ஆனால் நல்ல லேபுகளில் கணிசமான இடங்கள் நேரடியாகக் கடிதம் எழுதியவர்களுக்கே போகின்றன. பரிணாம உயிரியல் என்றால் எவால்டிர் என்ற பழைய அஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள். தோற்றம் ஏதோ தொண்ணூறுகளில் நின்றுபோனது போல இருக்கும், ஆனாலும் தினம் ஆள் தேடும் அறிவிப்பு வரும்.

வேதியியலும் பொருளறிவியலும் இதே கதை, பருவம் இல்லை. பொருள்களில் எலக்ட்ரான்கள் எப்படி அமைகின்றன என்று கணினியில் கணக்கிடுகிறவர்களுக்கு மட்டும் சை-கே என்ற ஐரோப்பிய வலையமைப்பின் பட்டியல் இருக்கிறது. வளிமண்டல அறிவியலுக்கு மெட்-ஜாப்ஸ். இந்தச் சின்னப் பட்டியல்களின் அருமை வெளியாட்களுக்குத் தெரியாது. உங்கள் துறையின் பட்டியல் எது என்று சீனியர் போஸ்ட்டாக் ஒருவரைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்.

நாடு வாரியாக வேண்டுமானால்: ஐரோப்பா முழுமைக்கும் யூராக்ஸெஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே, நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், ஜப்பானுக்கு ஜேரெக்-இன்.

விளம்பரமே வராத லேபுக்கு எழுதலாமா? தொந்தரவாக நினைக்க மாட்டார்களா?

எழுதலாம். ஆனால் யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பணம் இல்லாத பேராசிரியர் உங்கள் மேல் எவ்வளவு பிரியப்பட்டாலும் எடுக்க முடியாது. எனவே பணம் எங்கே இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இது ரகசியம் ஒன்றுமில்லை, பொதுப் பணம் என்பதால் பல நாடுகள் கணக்கைப் பொதுவில் வைத்திருக்கின்றன. அமெரிக்க மருத்துவ ஆய்வுக்கு என்.ஐ.எச். (அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள்) ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ், ஜெர்மானிய ஆய்வுக் கழகத்துக்குக் கெப்ரிஸ், பிரிட்டனுக்குக் கேட்வே டு ரிசர்ச், ஜப்பானுக்குக் காக்கென். உங்கள் ஆய்வின் முக்கியச் சொல்லைப் போட்டால் யாருக்கு எந்த வருடம் எந்தத் தலைப்பில் பணம் கிடைத்தது என்று வரிசையாக வரும்.

நான் அடிக்கடி சொல்லும் உத்தி ஒன்று. ஐரோப்பிய ஆய்வு மன்றம் வருடா வருடம் ஸ்டார்ட்டிங் கிராண்ட் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடும். ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை. பெறுகிறவர்கள் பெரும்பாலும் இளம் பேராசிரியர்கள், குழுவை அப்போதுதான் கட்டுகிறார்கள், ஆள் தேவை அவசரமாக இருக்கும். விளம்பரம் தயாராகும் முன்பே உங்கள் கடிதம் போய்விட்டால், நூறு பேருக்கு நடுவில் நிற்கும் நிலை வராது.

சரி, அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது?

முதலில் எதை எழுதக் கூடாது என்று சொல்கிறேன். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று இரண்டையும் போடாதீர்கள். பெறுபவர் ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்கவில்லை என்று அது சொல்லிவிடும். பேராசிரியர் என்று போட்டு அவர் குடும்பப் பெயரை எழுதுங்கள். "உங்கள் உலகப் புகழ் பெற்ற ஆய்வகத்தில்" வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அறிவியல் ஆசை என்பதும் வேண்டாம். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பும்போது எழுத்துரு மாறி, பெயர் மட்டும் வேறு அளவில் தெரியும். எனக்கு மாதத்துக்கு நான்கைந்து அப்படி வருகின்றன. ஒன்றில் வேறு ஒரு பேராசிரியரின் பெயர் அப்படியே இருந்தது.

எழுத வேண்டியது நான்கு சின்னப் பத்தி. நீங்கள் யார், எப்போது முடிக்கிறீர்கள். பிஎச்டியில் எந்தக் கேள்விக்கு என்ன விடை கண்டீர்கள், அதைத் துறைக்கு வெளியே உள்ளவருக்கும் புரியும்படி மூன்று வரியில். பிறகு உயிரான பத்தி: அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் எது முடிக்கப்படாமல் நிற்கிறது, அதற்கு உங்கள் கைப்பழக்கம் எப்படி உதவும். "உங்கள் வினையூக்கி ஏன் எண்பது மணி நேரத்தில் செயலிழக்கிறது என்று கட்டுரையில் விளக்கம் இல்லை, வினை நடக்கும்போதே எக்ஸ்-கதிர் அளவீடு செய்து மூன்று வருடம் பழக்கம் உண்டு, அதை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்" என்று ஒருவர் எழுதினால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். கடைசிப் பத்தியில் பணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள்: உங்களிடம் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் இன்ன ஃபெல்லோஷிப்புக்குச் சேர்ந்து எழுத விருப்பமா.

இணைப்பு ஒன்றே ஒன்று போதும். சிவி, கட்டுரைப் பட்டியல், பரிந்துரைப்பவர் மூவரின் பெயர் எல்லாம் ஒரே பிடிஎஃப்பில். தந்தை பெயர், திருமணம் ஆனவரா, மதம், பாஸ்போர்ட் எண், "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அது நம் ஊர் பயோடேட்டா வழக்கம்.

எழுதினேன், பதிலே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அதே கடிதத்தின் தொடர்ச்சியாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் முதல் போஸ்ட்டாக்குக்கு 43 கடிதம் எழுதினேன். பதினொரு பேர் பதில் போட்டார்கள், அதில் ஒன்பது "இப்போது இடமில்லை". பாக்கி இரண்டில் ஒன்றில்தான் சேர்ந்தேன். முதல் இருபது கடிதங்களை இப்போது எடுத்துப் படித்தால் நானே பதில் போட மாட்டேன்.

கைடு "நீயே லெட்டர் எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். சரியா?

நம் ஊரில் சகஜம், ஆனால் உங்களுக்குக் கெடுதல். நம்மைப் பற்றி நாமே எழுதும்போது "கடின உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனிமையானவர்" என்றுதான் வரும். அந்த மாதிரிக் கடிதத்துக்கு வெளியே மதிப்பு இல்லை. ஒரு சம்பவத்தைச் சொல்லும் கடிதத்துக்குத்தான் மதிப்பு: கருவி பழுதானபோது இவர் என்ன செய்தார், எந்த யோசனை இவருடையது, இதுவரை நான் பார்த்த மாணவர்களில் இவர் எங்கே நிற்கிறார்.

மறுத்துப் பேச முடியாத கைடு என்றால், முழுக் கடிதம் எழுதிக் கொடுக்காமல் "சார், உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று குறிப்புகள் மட்டும் எழுதியிருக்கிறேன்" என்று ஒரு பக்கம் கொடுங்கள். தேதி, சம்பவம், கட்டுரை என்று இருக்கட்டும். பல விண்ணப்பங்களில் இணைப்பு நேராக அவர் மின்னஞ்சலுக்குப் போகும், அவரே ஏற்ற வேண்டும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு, மூன்று நாள் முன்பு, முந்தின நாள் என்று மூன்று தடவை நினைவூட்டினால் தப்பாக நினைக்க மாட்டார். கைடோடு உறவே கெட்டுப்போய்விட்டது என்பவர்கள், டாக்டரல் கமிட்டி உறுப்பினர், கூட்டுக் கட்டுரையாளர் என்று வேறு மூவரைப் பிடித்து, ஏன் கைடு கடிதம் இல்லை என்பதற்கு அவர்களில் ஒருவரையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்களே விளக்கப் போனால் புகார் போலத் தெரியும்.

எந்த ஃபெல்லோஷிப்புக்கெல்லாம் இந்தியர், இலங்கையர் விண்ணப்பிக்கலாம்?

எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது. எனக்கு நன்றாகத் தெரிந்தவை இவை.

ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப் என் மனதுக்கு நெருக்கமானது. பட்டம் பெற்று 4 வருடத்துக்குள் இருப்பவர்களுக்குப் போஸ்ட்டாக் பிரிவு, 6 முதல் 24 மாதம். எந்தத் துறையும் எந்த நாடும் சரி, நாட்டுக்கு இத்தனை இடம் என்ற ஒதுக்கீடு கிடையாது. கடைசித் தேதி என்ற தொல்லையும் இல்லை, வருடம் முழுக்க ஏற்பார்கள். ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் உங்களை வரவேற்கத் தயார் என்று எழுதித் தர வேண்டும், அதுதான் வாசல்படி.

மேரி கியூரி: பட்டத்துக்குப் பிறகு ஆய்வு அனுபவம் 8 வருடத்துக்குள். முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல், நீங்கள் போக விரும்பும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. ஆகவே ஜெர்மனியில் ஏற்கெனவே ஒரு வருடத்துக்கு மேல் போஸ்ட்டாக் இருப்பவர் ஜெர்மனிக்கே விண்ணப்பிக்க முடியாது, பிரான்சுக்குப் போடலாம். செப்டம்பரில் கடைசித் தேதி. போட்டி பயங்கரம், 2025-ல் 17,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. இருந்தாலும் எழுதிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பத்துப் பக்கத்தில் ஆய்வுத் திட்டம் எழுதப் பழகிவிட்டால் அதே சரக்கை வேறு நான்கு இடத்துக்கு வெட்டி ஒட்டலாம். பல பல்கலைக்கழகங்கள் கோடைக்கு முன்பே "எங்களோடு சேர்ந்து மேரி கியூரி எழுத ஆள் வேண்டும்" என்று அறிவிப்பு விடும். அங்கே உள்ள அலுவலகம் உங்கள் வரைவைப் படித்துத் திருத்தியும் தரும், அந்த உதவி பொன் மாதிரி.

ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். (அறிவியல் மேம்பாட்டுக் கழகம்) ஃபெல்லோஷிப் 12 முதல் 24 மாதம், மாதம் 3,62,000 யென். பட்டம் பெற்று 6 வருடத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது நீங்கள் அல்ல, ஜப்பானில் உள்ள பேராசிரியர், அதுவும் அவர் நிறுவனம் வழியாக. நிறுவனத்துக்குள் கடைசித் தேதி அதிகாரபூர்வத் தேதிக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும். பேராசிரியரிடம் உள் தேதியைக் கேளுங்கள்.

உயிரியல்காரர்களுக்கு எம்போ என்ற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பின் ஃபெல்லோஷிப்: பட்டம் பெற்று 2 வருடத்துக்குள், முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வேண்டும். இந்தியா 2016 முதல் அந்த அமைப்பின் இணை உறுப்பு நாடு. ஹ்யூமன் ஃபிராண்டியர் ஃபெல்லோஷிப் 3 வருடம், ஆனால் பிஎச்டியில் செய்ததையே தொடர்ந்து செய்வேன் என்றால் கொடுக்க மாட்டார்கள். புதிய துறைக்குத் தாவ வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

அமெரிக்காவில் கவனம். என்.ஐ.எச். கொடுக்கும் எஃப்-32 ஃபெல்லோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். வெளிநாட்டவர் அங்கே பெரும்பாலும் பேராசிரியரின் பணத்தில்தான் சேருகிறார்கள். சேர்ந்த பிறகு கே-99 என்ற விருதுக்கு வெளிநாட்டவரும் போடலாம், ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் 4 வருடத்தைத் தாண்டுவதற்குள்.

வெளிநாடு போக முடியாது. இந்தியாவிலேயே நல்ல இடம் உண்டா?

உண்டு. வீட்டுச் சூழ்நிலையால் இங்கே இருப்பவர்களை இரண்டாம் தரமாகப் பேசும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் இயற்பியல், கணிதம், கோட்பாட்டுக் கணினியியலில் போஸ்ட்டாக் எடுக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் சி.வி. ராமன் பெயரில் ஃபெல்லோஷிப் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் நிறுவனப் பணத்திலேயே எடுக்கும். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் போஸ்ட்டாக்கை 'விசிட்டிங் ஃபெல்லோ' என்பார்கள், பெயரைப் பார்த்து விருந்தாளி வேலை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆர்.ஏ. (ரிசர்ச் அசோசியேட்) திட்டத்தை ஐ.ஐ.எஸ்சி. ஒருங்கிணைக்கிறது. எல்லாத் துறைக்கும் தேசியப் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப், முன்பு செர்ப் என்ற மத்திய அரசின் ஆய்வு நிதி வாரியம் கொடுத்தது, இப்போது அதன் இடத்துக்கு வந்த அனுசந்தான் அறக்கட்டளையிடம்.

புராஜெக்ட்டில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி மாதம் 58,000, 61,000, 67,000 என்று மூன்று படி, வீட்டு வாடகைப் படி தனி. பணம் மாதாமாதம் வருமா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. சேரும் முன்பு அந்த லேபில் இருப்பவரிடம் "போன மாதச் சம்பளம் எப்போது வந்தது?" என்று விசாரியுங்கள்.

சம்பளம், விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் ஒப்பந்தம் என்றால் பொதுவாக இ-13 என்ற ஊதிய நிலை, அட்டவணை இணையத்தில் இருக்கும். அதில் உள்ளது மொத்தத் தொகை. தனியாள் என்றால் வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துவிடுவார்கள். ஸ்டைபெண்ட் என்றால் பிடித்தம் குறைவு, ஆனால் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எதிலும் உங்கள் பெயர் ஏறாது. அமெரிக்காவில் என்.ஐ.எச். நிர்ணயித்த முதல் வருடத் தொகை 2024-ல் 61,008 டாலர், பல இடங்களில் இதுவே அளவுகோல். பாஸ்டனில் அதை வைத்துக் குடும்பம் நடத்துவது கஷ்டம்.

பிரிட்டன் போகிறவர்கள் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணத்தை மறந்துவிடுகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று வருடம், கணவன் மனைவி இருவர் என்று பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். பல்கலைக்கழகம் திருப்பித் தருமா என்று ஆஃபரை ஏற்பதற்கு முன்பே கேளுங்கள்.

அமெரிக்காவில் போஸ்ட்டாக்குக்குப் பெரும்பாலும் ஜே-1 விசா, அதிகபட்சம் 5 வருடம். அந்த விசாவில் போனவர் பணி முடிந்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதி இந்தியர்கள் பலரைக் கட்டிப்போட்டிருந்தது. 2024 டிசம்பரில், அந்த விதிக்கு உட்பட்ட நாடுகளைச் சொல்லும் 'திறன் பட்டியலிலிருந்து' இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு மட்டும் அந்த விதி இன்னும் உண்டு.

என் கல்லூரி யாருக்கும் தெரியாது. பேப்பரும் மூன்றுதான்.

மூன்று போதும், அதில் ஒன்றாவது நீங்கள் முழுக்கச் சொந்தமாகச் செய்ததாக இருந்தால். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் இதழ்களில் இருபது கட்டுரை வைத்திருப்பவரின் சிவியைப் பார்த்ததும் நான் மூடிவிடுவேன், மன்னிக்கவும். அப்படி ஏதாவது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால், "தேர்ந்தெடுத்த கட்டுரைகள்" என்று தலைப்புப் போட்டு நல்லதை மட்டும் காட்டுங்கள். தெரியாத கல்லூரிக்கு மருந்து, தெரிந்த ஒருவரின் சொல். கருத்தரங்கில் உங்கள் போஸ்டர் முன் நின்று பத்து நிமிடம் பேசிய வெளியூர்ப் பேராசிரியருக்கு அன்றிரவே ஒரு வரி எழுதுங்கள்.

துறை மாறலாமா? இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு?

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் பிஎச்டி முடித்தவர். அப்புறம் உயிரியலை மறுபடி மாணவனாக உட்கார்ந்து படித்து, யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் போஸ்ட்டாக் சேர்ந்தார். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமைத் தொட்டது அங்கேதான். 2009-ல் கிடைத்ததோ வேதியியல் நோபல். நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும்: போஸ்ட்டாக் முடித்து ஏறக்குறைய ஐம்பது கல்லூரிகளுக்குப் பேராசிரியர் வேலைக்கு எழுதி, ஒன்றும் கிடைக்காமல், தேசிய ஆய்வகங்களுக்குப் போனார்.

மாறலாம், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். போகிற லேபில் இல்லாத ஒரு வித்தை உங்கள் கையில் இருக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த இயற்பியலாளரை உயிரியல் லேப் கூப்பிட்டு எடுக்கும்.

குழந்தை பிறந்து இரண்டு வருடம் இடைவெளி விழுந்துவிட்டது. வயதும் ஏறிவிட்டது.

வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புகள் பெரும்பாலும் வயதைப் பார்ப்பதில்லை, பட்டம் வாங்கி எத்தனை வருடம் என்றுதான் பார்க்கும். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக் காலத்தை ஹம்போல்ட், மேரி கியூரி இரண்டுமே கணக்கிலிருந்து கழித்துக்கொள்கின்றன. இந்தியத் திட்டங்களில் வயது வரம்பு உண்டு, பெண்களுக்குத் தளர்வும் உண்டு. சிவியில் இடைவெளியை மறைக்க வேண்டாம். "2022–2024: மகப்பேறும் குழந்தை வளர்ப்பும்" என்று ஒரு வரி போதும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

அரை மணி நேரம் உங்கள் பிஎச்டி பற்றிப் பேசச் சொல்வார்கள், பிறகு கேள்வி. பிழை எங்கே வந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நிச்சயம் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று தொடருங்கள். கடைசியில் "எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?" என்றால் மரியாதைக்காக "இல்லை சார்" என்று முடித்துவிடாதீர்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், நீட்டிப்பு எதைப் பொறுத்தது, நான் போகும்போது எந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு போகலாம் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு அவர் தயங்கினால் நானும் தயங்குவேன்.

ஆஃபர் வந்துவிட்டது, ஆனால் விசாச் செலவுக்கு முன்பணம் கேட்கிறார்கள்.

மோசடி. எந்தப் பல்கலைக்கழகமும் போஸ்ட்டாக்கிடம் முன்பணம் வாங்காது. கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரி பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியா என்று பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத இடத்திலிருந்து, நேர்காணல் இல்லாமல், சம்பளம் மட்டும் கொழுத்து வந்தால் திறந்து படிக்கவே வேண்டாம்.

நல்ல லேபா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லேபின் பக்கத்தில் 'முன்னாள் உறுப்பினர்கள்' பட்டியல் இருக்கும். அதில் கடந்த ஐந்தாறு வருடத்தில் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், போஸ்ட்டாக்குகள் முதல் ஆசிரியராகக் கட்டுரை போட்டிருக்கிறார்களா என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். எட்டு மாதத்தில் கிளம்பியவர் நாலைந்து பேர் இருந்தால் காரணம் இருக்கும். அவர்களில் இரண்டு பேருக்கு எழுதி "பத்து நிமிடம் போனில் பேசலாமா?" என்று கேளுங்கள். எழுத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், போனில் சொல்வார்கள். போனிலும் "நல்ல லேப்தான்..." என்று இழுத்தால், ஞாயிற்றுக்கிழமை லேபில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் சிரிப்பிலேயே பதில் இருக்கும்.